தகப்பன் பெயர் முதலில்

எனக்குக் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும் என்று ராமநாதபுரத்தில் ஒரு காலத்தில் நாலு பேர் நம்பினார்கள். அந்த நாலு பேரில் ஒருவன் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன், ஆறு மாதம் சனி ஞாயிறுகளில் மதுரைக்குப் பஸ் ஏறிப் போய், பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்து ஒரு சான்றிதழோடு திரும்பினேன். முதுகுளத்தூர்ப் பக்கத்தில் மிளகாய் போட்டுக்கொண்டிருந்த எங்கய்யா அதை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"மொழின்னா, யாருகிட்டடா பேசுவ?"

"மெசின்கிட்ட."

"அது திருப்பிப் பேசுமா?"

"தப்புச் செஞ்சா மட்டும் பேசும்யா."

"அப்ப ஒங்காத்தா மாதிரின்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். இரண்டு கம்ப்யூட்டர், அதில் ஒன்று வேலை செய்யும். பிரிண்டர் ஓடினால் கீழே டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். என்னோடு அங்கே வேலை பார்த்தவர் கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பெண். என்னைவிட வயதில் சின்னவர், படிப்பில் பெரியவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். அந்த ‘சார்’ அவர் வாயிலிருந்து வரும்போது அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அந்தச் சமயத்தில் நாட்டுப்படகுக்காரர்கள் அடையாள அட்டை இல்லாமல் கடலுக்குப் போகக் கூடாது என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். கரையில் நிற்கும் காவல்காரரிடம் அட்டையைக் காட்டினால்தான் வள்ளத்தை இறக்க விடுவார். திருப்பாலைக்குடிப் படகுச் சங்கத்தின் செயலாளர் ஊர்ப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் மாடிக்கு வந்தார். கையால் எழுதினால் பல நாளாகும், கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுங்கள் என்றார். நாங்கள் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் வரிசை எண் பார்த்துப் போட்டோ ஒட்டிக்கொள்வார்கள், அலுவலகத்தில் முத்திரை குத்துவார்கள், மேலே பிளாஸ்டிக் உறை.

இந்த இடத்தில் பாஸ்கலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டாம், எனக்குத் தெரிந்ததே கொஞ்சம்தான். அதில் ஒரு வேலையைத் தனியாக எழுதி அதற்கு ஒரு பெயர் வைத்துவிடலாம். பிறகு வேண்டும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், வேலை நடக்கும். கூப்பிடும்போது பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, வேலைக்கு வேண்டியதையெல்லாம் அதற்குள் வரிசையாக வைத்து, நடுவில் கமாவும் கடைசியில் அரைப்புள்ளியும் போட வேண்டும். எந்த வரிசையில் கேட்கிறார்களோ அந்த வரிசையில் கொடுக்க வேண்டும். முதலில் எண் என்று எழுதி வைத்திருந்தால் முதலில் எண்தான்.

கறாரான மொழி. எண் கேட்ட இடத்தில் எழுத்தை வைத்தால், எத்தனையாவது வரியில் தப்பு என்று சொல்லித் திரையிலேயே மானத்தை வாங்கும். ஆனால் அடுத்தடுத்து இரண்டு பெயர் கேட்டு, நாம் இரண்டையும் இடம் மாற்றி வைத்தால் ஒரு முணுமுணுப்பும் வராது. அதற்கு இரண்டும் எழுத்துக் கோவை. யார் அப்பன், யார் மகன் என்று அதற்கு எப்படித் தெரியும்?

மேடமும் நானும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஓர் அட்டையை அச்சடிக்கும் பகுதி அவருடையது. தமிழில் சொன்னால் ‘அச்சிடு’ என்று அதற்குப் பெயர். பதிவேட்டிலிருந்து ஒவ்வொருவராக எடுத்து, ‘அச்சிடு’வைக் கூப்பிட்டுக் கொடுக்கும் பகுதி என்னுடையது. அவருடைய பகுதியில் அறுபது வரி. என்னுடைய பகுதியில் கூப்பிடுகிற வரி ஒன்றே ஒன்று. அந்த ஒரு வரியை நான் மிகுந்த நிதானத்தோடு எழுதினேன் என்பதை இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன்.

சோதனைக்குச் செயலாளரை வரச்சொல்லி, அச்சான தாளை நான் படிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்டார். பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை எழுதிப் பட்டது போதும்.

நான் இன்னார், இன்னார் மகன் என்று படித்தேன்.

"இருக்காரு" என்றார் செயலாளர்.

அடுத்தது படித்தேன்.

"இருக்காரு."

அடுத்தது.

"இவரு இப்ப கடலுக்கு அவ்வளவாப் போறதில்லையே. வயசாயிருச்சு."

"ஆள் இருக்காரா இல்லையா?"

"இருக்காருய்யா. காலையிலகூட டீக்கடையில பாத்தேன்."

டிக் போட்டேன். அடுத்தவருக்குக் கண்புரை என்றார். அதற்கடுத்தவர் மகள் வீட்டோடு தொண்டிக்குப் போய்விட்டார் என்றார். நான் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டேன், இருக்காரா இல்லையா? அவரும் ஒரே பதிலைச் சொன்னார். ஓர் ஊரில் கடலுக்குப் போகிறவர்கள் எல்லாருமே ஏன் இவ்வளவு கிழவர்களாக இருக்கிறார்கள் என்று என் மண்டையில் ஏறவில்லை. முதல் பக்கம் முடிந்தபோது கீழேயிருந்து உளுந்த வடை வந்தது.

"போதும் வாத்தியாரே, எல்லாம் நம்ம ஊரு ஆளுகதான்" என்றார் செயலாளர் வடையைப் பிட்டுக்கொண்டே. எனக்கும் போதும் என்றுதான் பட்டது.

பத்து நாள் கழித்து ஒரு காலை, தேவிபட்டினம் வழியாக வரும் முதல் பஸ்ஸில் ஒரு மனிதர் வந்து மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். முப்பது வயதிருக்கும். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சட்டைப்பையிலிருந்து புது அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"சார், எங்கய்யா கடல்ல போயி மூணு வருசமாச்சு. இப்ப அவருக்கு அட்டை வந்திருக்கு. நான் எங்கன போயிக் குடுக்க?"

அட்டையில் அவருடைய போட்டோ. அதன் பக்கத்தில் அவருடைய அய்யாவின் பெயர். அதற்குக் கீழே, தகப்பன் பெயர் என்ற இடத்தில் இவருடைய பெயர். நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்தில் ஏதாவது விளக்கம் இருக்கும் என்பது போல.

மேடம் கம்ப்யூட்டரைப் போட்டு என் பகுதியைத் திறந்தார். திறந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"யா அல்லாஹ். சார், நான் கேட்டது என்ன? எண், பேரு, தகப்பன் பேரு. நீங்க குடுத்திருக்கிறது என்ன?"

அச்சிடு(எண், தகப்பன், பெயர்); என்று இருந்தது. அரைப்புள்ளியெல்லாம் சரியாகவே போட்டிருந்தேன்.

"தகப்பன் பேர்தானே மேடம் முன்னாடி வரும்?"

"எந்த ஊர்ல?"

"எங்க ஊர்ல."

"ஒங்க ஊர்ல புள்ள பொறந்தா மொதல்ல தகப்பனுக்கா பேரு வைப்பீங்க?"

எங்கள் ஊரில் ‘நீ யாரு’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். ‘நீ யாரு மகன்’ என்றுதான் கேட்பார்கள். அய்யா பெயரைச் சொன்னால் விசாரணை முடிந்தது. ஆட்டுக்கிடை போடுகிறவர் கேட்டாலும், பஸ் கண்டக்டர் கேட்டாலும் அதுதான் பதில். என் பெயரை ஒருவர் கேட்டு நான் சொன்னது பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்றைக்குத்தான், அதையும் எங்கய்யாவே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட்டாலும் அவருடைய எழுத்துத்தான் முன்னால் நிற்கிறது. அதனால் அந்த வரியைக் கை தவறி எழுதவில்லை. மிகவும் சரி என்று நினைத்து எழுதினேன்.

செயலாளர் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்பது மத்தியானம்தான் விளங்கியது. அந்தக் கரையில் மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். பதிவேட்டின் முதல் பக்கம் முழுவதும் வீட்டுக்கு மூத்த மகன்கள்தான். ஒருவர் பெயரையும் அவருடைய தகப்பன் பெயரையும் இடம் மாற்றினால், வருவது அவருடைய தகப்பனும் தாத்தாவும். நான் படித்த ஒவ்வொரு வரிக்கும் ஊரில் உண்மையாகவே ஓர் ஆள் இருந்தார், டீக்கடையிலோ மகள் வீட்டிலோ. ஒரே வரியில் ஊரையே ஒரு தலைமுறை பின்னால் தள்ளியிருந்தேன். முதல் பக்கத்தில் இறந்தவர் ஒருவர் வந்திருந்தால் வடை வருவதற்கு முன்பே பிடிபட்டிருப்பேன்.

திருத்தம் செய்ய அரை நிமிடம். திரும்ப அச்சடிக்க மூன்று நாள். ஆனால் அலுவலகத்தில் முத்திரை குத்திய பிறகு ஒரே ஆளுக்கு இரண்டு அட்டை ஊரில் உலவக் கூடாது என்பதால், பழையதை வாங்கிக்கொண்டுதான் புதியதைக் கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வாடை தணிந்து நண்டு வலை இறங்கும் சமயம். வரும் திங்கட்கிழமை எல்லா வள்ளமும் போவதாக ஊரில் முடிவாகியிருந்தது. சனிக்கிழமை புது அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு நானே போனேன். மேடம்தான் போகச் சொன்னார். "தப்புப் பண்ணினவங்க நேர்ல போனாத்தான் சார் மரியாதை. எனக்கு இங்க வேலை இருக்கு."

சங்கக் கட்டடத்தில் வரிசையாக வந்து பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிப் போனார்கள். கிண்டலுக்குப் பஞ்சமில்லை. "என்ன வாத்தியாரே, எங்கப்பன எனக்கு மகனாக்கிட்டீக, இனி அவரு என் சொல்லக் கேப்பாரா?" என்று ஒருவர் கேட்டார். "நீ மொதல்ல அவரு சொல்லக் கேட்டியாடா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கடைசியில் ஒரே ஓர் அட்டை மிஞ்சியது. மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவருடையது. அவர் வெறுங்கையோடு நின்றார்.

"ஆத்தா வச்சிருக்கு சார். தரமாட்டேங்குது."

"திங்கக்கிழமைக்குள்ள குடுக்காட்டி ஒன்ன விடமாட்டாகளேப்பா" என்றார் செயலாளர்.

"சொல்லிப் பாத்துட்டேன். சார் வந்து சொன்னாக் கேக்கும். தப்பு இவரோடதுதான?"

போனேன். வேறு வழி? அந்த அம்மா வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் கிளிஞ்சல் ஒட்டிய வலையை மடியில் போட்டு ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

"ஆத்தா, அந்தப் பழைய அட்டை தப்பா வந்திருச்சு. அதக் குடுத்தீகன்னா சரியானதத் தாரேன்."

"தப்புன்னு யாரு சொன்னா?"

"நான்தான் ஆத்தா. எழுதினதே நான்தான்."

"எழுதும்போது தப்புன்னு தெரியலையாக்கும்?"

"தெரியல."

"அப்ப இப்ப எழுதினது சரின்னு மட்டும் எப்படித் தெரியும்?"

மதுரையில் எனக்குத் தேர்வு வைத்தவர்கள்கூட இப்படிக் கேட்டதில்லை. நான் விழித்ததைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். இடுப்பு மடிப்பிலிருந்து அட்டையை எடுத்தார்.

"இதுல என்ன போட்டிருக்கு, வாசி."

வாசித்தேன். அவருடைய வீட்டுக்காரர் பெயர், அப்புறம் மாமனார் பெயர். வீட்டுக்காரர் பெயரைச் சொன்னதும் வலையில் இருந்த கை நின்றது. தலைக்கு மேல் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இந்த ரெண்டு பேரையும் நான் வாயத் தொறந்து சொன்னதில்ல" என்றார்.

வீட்டுக்காரர் பெயரைச் சொல்லக் கூடாது, மாமனார் பெயரையும் சொல்லக் கூடாது. மாமனார் பெயரைத்தான் மகனுக்கு வைத்திருக்கிறார்கள், ஆக மகன் பெயரையும் சொன்னதில்லை. தம்பி என்றே முப்பது வருடம் கூப்பிட்டிருக்கிறார்.

"புதுசுல என்ன போட்டிருக்க?"

"அதே ரெண்டு பேருதான் ஆத்தா. தம்பி பேரு முன்னாடி, அய்யா பேரு பின்னாடி."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"இதுக்கா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்த?" அட்டையை மறுபடி இடுப்பில் செருகினார். "இதக் காட்டுனா அவனக் கடலுக்கு விடமாட்டாகளாமே."

"விடமாட்டாக."

"அப்ப இதுவே இருந்துட்டுப் போகட்டும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் வீட்டுக்காரர் போன வள்ளம் ஒரு வாடைக் காற்றில் திரும்பவில்லை. அதற்குப் பிறகும் மகன் போய்க்கொண்டுதான் இருந்தார். அந்த அம்மா அழுதும் பார்த்திருக்கிறார், பட்டினி கிடந்தும் பார்த்திருக்கிறார், மகனை நிறுத்த முடியவில்லை. இப்போது அரசாங்க முத்திரையோடு, பிளாஸ்டிக் உறை போட்டு, அதற்கு ஒரு வழியை நான் அச்சடித்துக் கொடுத்திருந்தேன்.

வாசலில் நின்ற மகன் வந்து எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எல்லாரும் எறங்கும்போது நான் கரையில நின்னு வேடிக்க பாக்கவா ஆத்தா?"

"பாரு."

"எத்தன நாளைக்கு?"

அந்த அம்மா ஒரு கிளிஞ்சலைப் பிய்த்து வீசினார்.

"எனக்கு வேற என்ன வேல தெரியும்? இந்த சார் மாதிரி பொட்டியத் தட்டவா?"

"இவரு தட்டுன லட்சணத்தத்தான் பாத்தமே" என்றார் அந்த அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏப்பா, ஒம் பொட்டிக்குள்ளருந்து இவன் பேர எடுத்துர முடியுமா?"

முடியும். ஒரு வரியை அழித்தால் போதும், என் சாமர்த்தியத்துக்கே அது எட்டும். முடியாது என்று பொய் சொல்லியிருக்கலாம். எப்போதும் நாக்கு நுனியில் நிற்கும் கேலிப் பேச்சு ஒன்றாவது வரும் என்று பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

"முடியும் ஆத்தா" என்றேன். மகன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எடுத்துட்டா?"

"இந்த ஊர்லருந்து அட்டை கெடைக்காது. வேற ஊர்ல போயி, வேற பேரச் சொல்லி ஏறினாத்தான் உண்டு."

நான் அதை உத்தி என்று நினைத்துச் சொல்லவில்லை. அங்கே அப்படி நடப்பதுண்டு, தங்கச்சிமடத்தில் விசைப்படகுக்கு ஆள் எடுத்தால் பெயரைத் துருவிக் கேட்க மாட்டார்கள். ஆனால் சொன்னதும் அந்த அம்மா மகனையே பார்த்தார். மகன் மறுக்கவில்லை. அப்படிப் போனால் எந்தக் கரையில் காத்திருப்பது என்றுகூட அம்மாவுக்குத் தெரியாது. மகன் வலையின் மறுமுனையை இழுத்துக் கிளிஞ்சல் எடுக்கத் தொடங்கினார். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிய்த்தார்கள். நான் நடுவில் கிடந்த கிளிஞ்சல்களைச் சின்னது பெரியது என்று பிரித்து வைத்தேன், யாரும் கேட்காமலே.

"புதுசக் குடு" என்றார் கடைசியில். வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவன் பேரு எது?"

தொட்டுக் காட்டினேன். அதன் மேல் கட்டைவிரலை வைத்துத் துடைத்தார், ஈரம் இருந்ததுபோல. பிறகு மகனிடம் நீட்டினார். பழையதை என் கையில் போட்டார்.

"திங்கக்கிழமை காலையில வந்துரு."

"எதுக்கு ஆத்தா?"

"நீ குடுத்த அட்டையிலதான போறான்? அவன் திரும்புற வரைக்கும் இங்கன உக்காரு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய் இறங்கியபோது வள்ளங்கள் போய்விட்டிருந்தன. மேடத்திடம் விடுப்புச் சொன்னபோது அவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை, "துஆ செய்றேன் சார், நல்லபடியாத் திரும்பட்டும்" என்று மட்டும் சொன்னார். வேப்பமரத்தடியில் எனக்காக ஒரு பலகை போட்டிருந்தது. பால் இல்லாத காப்பி வந்தது.

சென்டரில் நான் எடுக்கும் பாஸ்கல் வகுப்பில் ஒரு வரி சொல்லிக்கொடுப்பேன், எல்லாரும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். கூப்பிட்டவன், கூப்பிட்ட வரியிலேயே நிற்பான். போனது வேலையை முடித்துத் திரும்பி வந்தால்தான் அவன் அடுத்த வரிக்கு நகர முடியும். அதில் விளங்காமல்போக என்ன இருக்கிறது என்று வேகமாகத் தாண்டிப் போவேன். மெசினுக்கு அந்த நிற்றல் கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. இங்கே வெயில் ஏறியது, பலகை சுட்டது, நிழல் நகர்ந்த பக்கம் பலகையை நகர்த்தினேன். மிளகாய்க் காட்டில் மழை வருமா என்று வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த குடும்பம் எங்களுடையது, காத்திருப்பது புதிதில்லை. ஆனால் மழைக்கு நான் அட்டை கொடுத்து அனுப்பியதில்லை.

தூரத்தில் ஒரு பாய் தெரிந்தபோதெல்லாம் எழுந்தேன்.

"அது இல்ல" என்பார் அந்த அம்மா, கடலைப் பார்க்காமலே.

"எப்படி ஆத்தா தெரியுது?"

"அவனா இருந்தா நான் பாப்பேன்ல."

பாதிக்கு மேல் வள்ளங்கள் வந்தாகிவிட்டன. சாப்பிடச் சொன்னார், சாப்பிட்டேன். அவர் சாப்பிடவில்லை. பழைய அட்டையை அலுவலகத்தில் ஒப்படைத்தாயா என்று கேட்டார், இன்னும் பையில்தான் இருக்கிறது என்றேன். அதை எடுக்கச் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பை திடீரென்று கனத்தது. திருப்பிக் கொடுத்துவிடலாமா, கொடுத்துத்தான் என்ன ஆகப்போகிறது என்று தோன்றியபோது அவர் எழுந்தார். கரையைப் பார்த்து நாலு எட்டு வைத்து நின்றுகொண்டார்.

ஒரு பாய் திரும்பிக்கொண்டிருந்தது. எனக்கு அதில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய மகன் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து வள்ளத்தைத் தள்ளினார். வலையில் நண்டு கொஞ்சம்தான்.

"இம்புட்டு நேரமா?" என்றார் அந்த அம்மா.

"காத்து இல்ல ஆத்தா."

"சோறு இருக்கு, போயித் தின்னு."

பிறகு என்னிடம் வந்தார். "நீ கெளம்பு, பஸ்ஸு வந்துரும்."

பையை எடுத்துக்கொண்டு நின்றேன். "நாளைக்கும் வரணுமா ஆத்தா?"

அந்தக் கேள்வியைக் கேலியாகத்தான் கேட்க நினைத்தேன், கேட்டபோது அப்படி வரவில்லை. அவர் பலகையை நிமிர்த்தி மரத்தில் சாய்த்து வைத்தார்.

"நீ ஒரு நாளு உக்காந்துட்ட, போதும்" என்றார். "மத்த நாளு நான் உக்காந்துக்கிறேன்."